கவர்மெண்டு மாப்பிள்ளை

முத்தழகு வீட்டு வாசலில் ஜீப் வந்து நின்றது.

“கொழும்புக் கடைகளுக்கு போர்டு எழுதுற முத்தழகு யாருப்பா? வருமான வரி ஆபீசர் வந்திருக்காக,” என்றார் டிரைவர்.

ஆர்.எஸ்.மங்கலத்துக்குத் தெற்கே அந்த ஊருக்குள் ஜீப் வருவது ஓட்டுக் கேட்க மட்டும்தான். நொடியில் தெருவே கூடிவிட்டது. முன்வரிசையில் உக்கிரபாண்டி.

அவர் மகள் பூமயிலைத்தான் முத்தழகு பெண் கேட்டுக் கேட்டு அலுத்திருந்தான். கவர்மெண்டு உத்தியோகக்காரனுக்குத்தான் பொண்ணு என்பது அவர் பிடிவாதம். மாதம் பிறந்தால் சம்பளம், வயசானால் பென்சன். தகரத்தில் எழுதி தனுஷ்கோடிக் கப்பலில் அனுப்புகிறவனுக்கு நாளைக்கே கை நடுங்கினால், கொழும்புக்காரனா வந்து கஞ்சி ஊற்றுவான்?

மறுநாள் தாலுகா ஆபீஸ் குமாஸ்தா வீட்டார் பூமயிலைப் பார்க்க வருவதாக இருந்தது.

முத்தழகு கதவோரம் ஒதுங்கினான். வரி என்று ஒன்றை அவன் கட்டியதே இல்லை.

அப்போதுதான் கவனித்தான். உக்கிரபாண்டியின் தோள்துண்டு கக்கத்துக்கு இறங்கியிருந்தது.

“ஏலே, கவர்மெண்டே ஒன்னயத் தேடி வருதா?” என்றார் அவர், வாய் பிளந்து.

அவ்வளவுதான். பயமெல்லாம் பறந்து முத்தழகுக்கு உடம்பெல்லாம் குஷி ஏறியது. ஆபீசர் நாற்காலியில் உட்காரும் முன்பே, கடைசி வரிசைக்கும் கேட்கும்படி தன் வருமானத்தைச் சொன்னான். உள்ளதைப்போல் இரண்டு மடங்கு. வேகத்தில் யாழ்ப்பாணத்தில் இல்லாத கடைகளுக்கும் போர்டு எழுதியதாகச் சேர்த்துக்கொண்டான்.

ஆபீசர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். இளநீரை நீட்டி அதை அடைத்தான்.

நஞ்சைக்குக் கிஸ்தி கட்டும் உக்கிரபாண்டியே தாசில்தார் முன்னால் கைகட்டித்தான் நிற்பார். இவனையோ சர்க்கார் வீடு தேடி வந்து கேட்கிறது. அப்படியானால் இவன் சர்க்கார் ஆள்தானே! ஊருக்கும் அதில் சந்தேகமில்லை.

“குமாஸ்தா வீட்டுக்கு ஆள் விட்டு, வர வேணாம்னு சொல்லிருங்கப்பா. தை பெறந்ததும் பூமயில இவனுக்கே முடிச்சிருவோம்,” என்றார் உக்கிரபாண்டி.

கூட்டத்துக்குப் பின்னால் தண்ணீர்க் குடத்தோடு நின்ற பூமயில், குடம் தளும்ப வந்த வழியே ஓடினாள்.

ஜீப் வரை வழியனுப்பப் போன முத்தழகுக்குக் கால் தரையில் பாவவில்லை. குனிந்து மெதுவாகச் சொன்னான்.

“கோவிச்சுக்கிடாதீக சார். பொண்ணுக்காகக் கூட்டிச் சொல்லிப்புட்டேன். உள்ளதுக்கு மட்டும் வரி போடுங்க.”

ஆபீசர் சிரித்துவிட்டார்.

“நான் வரி போடவே வரலப்பா. எங்க ஆபீசுக்கு ஒரு போர்டு எழுதணும். நீ நல்லா எழுதுவேன்னு சொன்னாங்க, வந்தேன்.”



ஆபீசர் பேனாவின் மூடியைக் கழற்றினார். “ஆனா நீயே வாயால சொல்லிட்ட, இனி விடமுடியாது. கொழும்புப் பணமா இருந்தாலும் நீ குடியிருக்கிறது இங்க. வரியும் இங்கதான். நோட்டீஸ் தபால்ல வரும்.”

முத்தழகு திரும்பிப் பார்த்தான். உக்கிரபாண்டி இன்னும் துண்டை எடுத்துத் தோளில் போடவில்லை.

“தபால்ல வேணாம் சார்,” என்றான் அவசரமாக. “ஜீப்புலயே கொண்டாங்க.”