ஓட்டைப் படகு

தையல்காரிகளின் கூட்டுறவுச் சங்கத்தை ஆராய்ந்தே டாக்டர் பட்டம் வாங்கியவர், மறுபடியும் அதே பெஞ்சின் நுனியில் வந்து உட்கார்ந்தார்.

"இன்னும் கேள்வி பாக்கி இருக்கா டாக்டரே?" சங்கத் தலைவி தையலை நிறுத்தாமல் கேட்டாள்.

"ஒண்ணே ஒண்ணுதான்க்கா. கஷ்டம்னு வந்து நின்னவங்களை இந்தச் சங்கம் திருப்பி அனுப்பியிருக்கா?"

"இதுவரைக்கும் இல்ல. அதுதானே எங்க அஸ்திவாரம்னு எழுதினீங்க!"

"அப்ப என்னையும் சேத்துக்கங்க. காலேஜ் வேலை போயிடுச்சு."

மெஷின்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்தன; கடைசியாகத் தலைவியுடையதும்.

"தம்பி... தைக்கத் தெரியாதவங்களை இரக்கப்பட்டுச் சேர்த்தா சங்கம் முழுகிடும்னு, பட்டம் வாங்கின பிறகு படகுப் படம் போட்டு நீங்கதானே பாடம் எடுத்தீங்க? போன வாரம்தான் விதியை மாத்தினோம். எங்களுக்கு மனசே வரல. படிச்சவர் சொல்றாரேன்னுதான்..."

சுவர்ப் பலகையில் அவர் வரைந்த ஓட்டைப் படகை இன்னும் யாரும் அழிக்கவில்லை.