போன் திறக்கிற வரைக்கும்

அதிகாரியின் மேசைமேல் மரியபுஷ்பத்தின் போன் அசையாமல் கிடந்தது. திரையில் சின்ன வட்டம் ஒன்று மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. சாயப்பட்டறை லாரி ஊர்க் குளத்தில் கழிவைக் கொட்டுவதை அவள் எடுத்த வீடியோக்கள் அதற்குள் இருந்தன. குறைதீர்க்கும் கூட்டத்தில் அவற்றைக் காட்டத்தான் வந்திருந்தாள்.

“இடமே இல்லக்கா. வீடியோவ அழிச்சாத்தான் போன் ஓடும்” என்று முந்தின நாள் கடைக்காரர் சொல்லியிருந்தார். அவள் மகளின் கல்யாணப் படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துப் பார்த்து அழித்தாள். லாரியைத் தொடவில்லை. அப்படியும் போன் கழுத்தறுத்துவிட்டது.

விசாரணைக்கு வரவழைத்திருந்த பட்டறை முதலாளி, பக்கத்து நாற்காலியிலிருந்து அவள் பக்கம் குனிந்தார். “புதுசு ஒண்ணு வாங்கித் தாரேன். இத எங்கிட்ட குடுத்துரு.”

அவள் பொத்தானை அழுத்திப் பிடித்துப் போனை அணைத்தாள். மறுபடி போட்டாள். மறுபடியும் வட்டம்தான் வந்தது.

“அம்மா, பின்னால ஆள் நிக்காங்க. அடுத்த வாரம் வாங்க” என்றார் அதிகாரி.

“திறக்கட்டும் சார். அதுவரைக்கும் நான் நகரமாட்டேன்.”

அதிகாரி அடுத்த பெயரைக் கூப்பிட்டார். வரிசையில் அடுத்து நின்ற சுடலைமாடன் தன் மனுவை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். “எனக்கு ஒரு அவசரமுமில்ல சார். அந்தப் படத்தப் பாத்துட்டுச் சொல்லுதேன்.” அவருக்குப் பின்னால் நின்றவர்களும் மேசையை நெருங்கி வந்தார்கள்.

முதலாளி மெல்ல எழுந்தார். மரியபுஷ்பம் தன் நாற்காலியை வாசலுக்குக் குறுக்கே இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள்.

“இருங்க அண்ணாச்சி. உங்க லாரிதான, பாத்துட்டுப் போங்க.”