பாங்குக்கு முன் மூன்று சுற்று

மத்தி மீன் கடையில் கெஞ்சி வாங்கிவந்த ஐஸ் பையின் மேல் என் போன் மல்லாந்து கிடந்தது.

ஆகஸ்ட் மாத ரமலான். காஸாபிளாங்கா வெயில் தகரக் கூரை வழியே இறங்கிக்கொண்டிருந்தது. நோன்பு திறக்க இன்னும் நாற்பது நிமிடம். யாரிடமும் சிகரெட் இல்லை, தண்ணீர் இல்லை, பொறுமை சுத்தமாக இல்லை.

என் வயிற்றில் ஸஹர் சாப்பாடும் இல்லை. விடியுமுன் எழுப்ப வேண்டிய இந்தப் பாழாய்ப்போன போன், பலபலவென்று விடிந்த பிறகுதான் எழுப்பியது. ஒரு மிடறு தண்ணீர்கூடக் குடிக்காத நோன்பு அது.

தர்ப் கல்லெஃப் சந்தையில் ஹாஜி புஷைபின் கடையில் திபாரியும் நானும் வேலை செய்தோம். போனைப் பழுது பார்க்க வருகிறவர்களைவிட, உள்ளே இருக்கும் சில்லை முடுக்கி வேகமாக ஓடவிடச் சொல்லி வருகிறவர்கள்தான் அந்த வருஷம் அதிகம். ஆனாலும் வாடகை ஏறிவிட்டது. பெருநாளுக்குப் பிறகு ஒருவனுக்குத்தான் சம்பளம் என்று ஹாஜி சொல்லிவிட்டார். யார் போன் வேகமோ அவன் இருக்கலாம்.

தோற்றால் நான் துறைமுகத்துக்குத் திரும்பி மீன் பெட்டி தூக்க வேண்டும். தோள்பட்டையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. திபாரிக்கு என்ன வழி என்று யோசிக்க நான் விரும்பவில்லை. அவன் மனைவிக்கு அது ஏழாம் மாதம்.

இரண்டு போனும் ஒரே ரகம். அறுநூறு மெகாஹெர்ட்ஸில் ஓடப் பிறந்த சில்லு. திபாரி அதை ஆயிரத்து நூற்றுக்குக் கொண்டுவந்திருந்தான். என்னுடையது ஆயிரத்தைத் தாண்டினாலே உறைந்து செத்துப்போகும். முந்தைய நாள் இணையத்தில் எங்கிருந்தோ ஒரு புது மென்பொருள் கோப்பைப் பிடித்துப் போனில் ஏற்றினேன். உறையவில்லை. ஆயிரத்து இருநூறு என்று காட்டியது.

சோதனை ஆப் கணக்குகளை அள்ளிக் கொட்டும். எத்தனை நொடியில் முடித்தோம் என்று போனே தன் கடிகாரத்தைப் பார்த்து மதிப்பெண் போட்டுக்கொள்ளும்; நொடி குறைந்தால் மதிப்பெண் கூடும்.

முதல் சுற்றில் திபாரிக்கு ஆயிரத்து இருநூற்று முப்பத்தொன்று. எனக்கு ஆயிரத்து நானூற்று நான்கு.

எதிர்க் கடைக்காரன் விசில் அடித்தான். திபாரி என் போனைக் குனிந்து பார்த்தான். அவன் முகத்தில் பொறாமை இல்லை, ஆச்சரியம்தான் இருந்தது. அதுதான் என்னைக் குத்தியது.

இரண்டாவது சுற்றில் அவனுக்கு ஆயிரத்து இருநூற்று நாற்பது. எனக்கு ஆயிரத்து நானூற்றுப் பத்து.

போதும் என்று நினைத்தேன். போனை எடுக்கக் கை நீட்டினேன். ஹாஜி என் கையைத் தட்டிவிட்டார்.

“போதும் முதலாளி, பாங்குக்கு முன்னாடி கடையைக் கட்டிரலாமே.”

“என்னடா பறக்குற? ஹரீரா கஞ்சி ஓடியா போயிரும்? இன்னொரு தடவை ஓட்டு. நாளைக்கு எவனும் ஒரு பேச்சுப் பேசக் கூடாது.”

போன்கள் சூடு ஆற வேண்டும் என்று திபாரி சொன்னான். காத்திருந்தோம். ஐஸ் உருகி மீன் வாடையோடு மேசையில் ஓடியது. சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது. நான் சுவர்க் கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். பசி பொறுக்கவில்லை போலிருக்கிறது என்று ஹாஜி கேலி செய்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துவைத்தேன்.

பேரீச்சம்பழத் தட்டு வந்தது. சந்தை இரைச்சலில் எங்கள் வரிசைக்குப் பள்ளிவாசல் பாங்கு கேட்காது. ரமலான் பிறந்த நாளிலிருந்து என் போனில் உள்ள பாங்கு ஆப்தான் எங்களுக்கு நோன்பு திறந்துவைத்தது. அது கூப்பிடாமல் திபாரி பழத்தை வாயில் வைக்க மாட்டான்.

மூன்றாவது சுற்று. முடிவைக் கேட்பதற்காகப் பக்கத்துக் கடைக்காரன் தன் ஜெனரேட்டரையே நிறுத்தினான்.

திபாரிக்கு அதே ஆயிரத்து இருநூற்று நாற்பது.

எனக்கு ஆயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

ஹாஜி என் போனைத் தூக்கிக் கூட்டத்துக்குக் காட்டினார். கடைச் சாவியை என் சட்டைப் பையில் போட்டார். திபாரி என்னைக் கட்டிப்பிடித்தான்.

“அசத்திட்டடா! எப்படிப் பண்ணுனேன்னு எனக்கும் ஒரு நாள் சொல்லிக்கொடு.” குரல் உடைந்திருந்தது.

போனைத் திருப்பிக் கேட்டேன். ஹாஜி கொடுக்கவில்லை. இன்னும் இரண்டு பேருக்குக் காட்ட வேண்டுமாம்.

அப்போது நோன்பு திறக்கும் நேரத்துச் சங்கு ஊதியது. அதன் பின்னாலேயே, அந்த வருஷம் முதல் தடவையாக, பள்ளிவாசல் பாங்கு எங்கள் கடைக்குள் தெளிவாக வந்தது. ஹாஜி பிஸ்மில்லாஹ் சொல்லிப் பழத்தை வாயில் போட்டார். ஆளாளுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்தார்கள்.

சுவரில் மணி ஏழு பதினான்கு. ஹாஜியின் கையில் இருந்த என் போனில் ஏழு ஆறு.

ஸஹர் தவறிய அன்று காலையிலேயே நான் இரண்டு கடிகாரத்தையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டேன். அந்தப் புதுக் கோப்பை ஏற்றியதிலிருந்து, பத்து நிமிடம் ஓடினால் என் போனுக்கு எட்டு நிமிடம்தான். சில்லு வேகமாகவில்லை, கடிகாரம்தான் சோம்பேறியாகியிருந்தது. போட்டிக்கு முன் மணியை மட்டும் சரியாகத் திருப்பி வைத்தேன். வாயைத் திறக்கவில்லை.

தண்ணீரை வாயில் ஊற்றினேன்.

கடையில் ஒருவன் மட்டும் இன்னும் நோன்பு திறக்கவில்லை. திபாரி பழத்தைக் கையில் வைத்துக்கொண்டு, ஹாஜியின் கையில் இருந்த போனையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு என் பக்கம் திரும்பினான்.

“ஜவாத், உன் போன் இன்னும் கூப்பிடலையேடா.”