இரண்டின் அடுக்கு இருபது

"சீரங்கத்துப் பொண்ணா? ஒட்டுமில்லாம உறவுமில்லாம எவன் வீட்டுலயோ போய்ச் சம்பந்தம் பண்ண மாட்டேன்!" மன்னார்புரமே அதிரக் கத்தினார் மருதை.

மகன் வீரமலை கணக்கு வாத்தியார். அசரவில்லை.

"அப்பா அம்மா ரெண்டு பேரு, தாத்தா பாட்டி நாலு பேரு. இப்படியே இருபது தலைமுறை போனா, ரெண்டின் அடுக்கு இருபது. பத்து லட்சத்துக்கு மேல! அவளுக்கும் அதே பத்து லட்சம். அத்தனை சனம் அப்ப ஜில்லாவுலயே ஏதுப்பா? நம்ம எல்லாருக்கும் ஒரே பாட்டன்தான்!"

மருதையின் முகம் மலர்ந்தது. "ஒரே பாட்டன்னா அவ உனக்குத் தங்கச்சி முறைடா. கல்யாணம் கூடாது!"



அடுப்படியிலிருந்து வந்த அம்மா மயிலம்மாள், கணவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அப்ப வர்ற பொங்கலுக்கு எனக்குப் பொறந்த வீட்டுச் சீரு நீங்கதாண்ணே கொண்டு வரணும்!"