உதறாத கிடா

வசந்தனின் புது மோட்டார் சைக்கிளுக்கு மாலை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுக்கி முடித்த கையோடு, பூசாரி அப்புசாமி கிடாவின் பக்கம் திரும்பினார். எஸ்டேட் முனியாண்டி கோயில் வாசலில் வெட்டுக்கத்தி ஏற்கெனவே பொட்டு வைத்துக்கொண்டு தயாராக இருந்தது.

செங் ஊர்ப் பேக்டரியில் வசந்தனுக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்திருந்தது. அதற்குத்தான் அம்மா கோமளா கிடா வெட்டுகிறாள் என்று லயத்து வீடுகளெல்லாம் பேசிக்கொண்டன. கோமளா ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை.

வசந்தனின் தங்கை உஷாராணிக்குத்தான் வயிறு எரிந்தது. அது அவள் வளர்த்த கிடா. அந்த வட்டாரத்தில் வேறு ஜம்னாபாரிக் கிடா இல்லை. அது போனால் அவளுடைய ஆடுகள் சினைப்படாது, சினைப்படாவிட்டால் பாலும் இல்லை.

டவுன் பக்கம் தெங்கேராவில் மூச்சிழுப்பு நோய்க்காரர்கள் அவள் கொண்டுபோகும் ஆட்டுப்பாலுக்காகக் காத்திருப்பார்கள். கால்நடை இலாகா அதிகாரி கொட்டகையைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "இந்தக் கிடாவ மட்டும் விட்டுறாத. பயிற்சிக்கு ஒன் பேரக் குடுக்குறேன், பண்ணை போட இலாகா ஒதவும்" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். அன்றிலிருந்து அவளுக்குத் தூக்கத்தில்கூடப் பண்ணைதான்.

வசந்தனுக்கு அது சிரிப்பாக இருந்தது. "ஆட்டுப் புழுக்கைய அள்ளிக்கிட்டு எத்தன காலத்துக்கு இருப்ப? எங்க பேக்டரில பொம்பளப் பிள்ளைங்கள எடுக்கிறாங்க, வா லா" என்று போகும்போதும் வரும்போதும் சீண்டுவான். இன்றைக்குக் கிடா விழுந்தால் நாளைக்கு அவன் பின்னால் உட்கார்ந்து பேக்டரிக்குப் போக வேண்டியதுதான்.

வாரக்கணக்கில் அம்மாவிடம் கெஞ்சிப் பார்த்தாயிற்று.

"வேற கிடா வாங்கி வெட்டும்மா."

"நேந்து விட்டதத்தான் குடுக்கணும்."

"எதுக்கு நேந்த? அதயாவது சொல்லு."

"செலுத்தி முடிக்கிற வரைக்கும் வாயத் தொறக்கக்கூடாது. போயி வேலயப் பாரு."

பெற்ற பிள்ளைகளில் ஆணுக்கு ஒரு நியாயம், பெண்ணுக்கு ஒரு நியாயம் என்று உஷாராணி முடிவுகட்டிவிட்டாள். முடிவுகட்டிவிட்டுச் சும்மா இருக்கிற பெண் இல்லை அவள்.

அப்புசாமி கிடாவின் முதுகைத் தடவிப் பார்த்தார். "நல்லா பளபளன்னு வளத்து வச்சிருக்க, பாப்பா."

உஷாராணி எண்ணெய்ப் பிசுக்கான கையைப் பின்னால் மறைத்துக்கொண்டாள். போன வருடம் டிங்கிக் காய்ச்சல் தேறி ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்று அம்மா மணிக்கட்டில் கட்டிவிட்ட மஞ்சள் கயிறும் எண்ணெயில் ஊறிப்போயிருந்தது.

பூசாரி மஞ்சள் தண்ணீரைக் கிடாவின் தலையிலும் முதுகிலும் ஊற்றினார். கிடா உடம்பை உதறினால் சாமி ஏற்றுக்கொண்டார் என்று அர்த்தம். உதறாத கிடாவை யாரும் தொட மாட்டார்கள். தண்ணீர் மயிரில் ஒட்டாமல் வழிந்து ஓட, கிடா சாவகாசமாக அசைபோட்டுக்கொண்டு நின்றது.

மறுபடி ஊற்றினார். "ஏத்துக்கய்யா... ஏத்துக்கய்யா..." என்று கோமளா கைகூப்பி முனகிக்கொண்டே இருந்தாள். குடம் காலியாயிற்று, கிடா உதறவில்லை.

"சாமி ஏத்துக்கல தாயி," என்றார் அப்புசாமி. கத்திக்காரர் கத்தியைக் கீழே வைத்தார்.

"ஆடுதான? பாசார்ல வேற ஒண்ணு வாங்கிட்டு வந்துர்றேன்," என்றான் வசந்தன்.

"நேந்ததுக்கு மாத்து கெடையாது தம்பி."

கோமளா இருந்த இடத்திலேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். அவளைத் தூக்கி நிறுத்த இரண்டு பெண்கள் வர வேண்டியிருந்தது.

கிடாவை ஓட்டிக்கொண்டு உஷாராணி ரப்பர் மரங்களுக்கு நடுவே வீட்டுக்கு நடந்தாள். விடியும் முன்னே எழுந்ததாலோ என்னவோ, தலை விண்ணென்று வலித்தது. கண்ணுக்குப் பின்னாலும் வலி. ஆனாலும் மனசு நிறைந்திருந்தது. திரும்பிப் பார்த்தால் அம்மா வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு அழுதபடி வந்தாள்.

கல் நெஞ்சுக்காரி இல்லையே அவளும். நின்று அம்மாவின் தோளைத் தொட்டாள்.

"அழாதம்மா. சாமிக்கு ஒண்ணும் கோவமில்ல. நாந்தான் விடியக்காலைல அதுக்குத் தேங்காயெண்ண தடவி, காதுல பஞ்சு அடைச்சேன். தண்ணி ஒடம்புல ஒட்டல, காதுலயும் எறங்கல, அதான் ஒதறல."

கோமளா அழுகையை நிறுத்திவிட்டு மகளையே பார்த்தாள்.

"அண்ணனுக்கு ஒண்ணும் ஆவாதும்மா. அது ஹெல்மெட் போட்டுத்தான ஓட்டுது."

கோமளா மகளின் மணிக்கட்டைப் பற்றி, எண்ணெயில் கறுத்த அந்த மஞ்சள் கயிற்றைப் பார்த்தாள். மகளின் கை அனலாய்ச் சுட்டது.

உச்சி வெயிலில் நின்றிருந்த உஷாராணியின் உடம்பு ஒருமுறை உதறி அடங்கியது.

"அந்தக் கிடா ஒன் உசுருக்கு நேந்ததுடி."