சாம்பார் வாளி

கொழும்புப் பாதை திறந்திருந்த எண்பத்தொன்பதாம் ஆண்டு. நயினாதீவு அம்மன் கோயில் அன்னதானப் பந்தியில், தன்னை மாப்பிள்ளை பார்க்க வந்த சரவணமுத்துவிடம் ஞானேந்திரன் புளுகிக்கொண்டிருந்தான்.

"கொழும்பிலை நான் சாப்பிடுறது மயில்மகாலிலைதான், மாமா. வடஇந்தியச் சாப்பாடு, சீனச் சாப்பாடு எல்லாம் இருக்கு. முதலாளி என்னைக் கண்டால் எழும்பி நிப்பார்!"

சால்வையை அரையில் கட்டிக்கொண்டு சாம்பார் ஊற்ற வந்தவர் சிரித்தார்.

"என்ன சிரிப்பு? நீர் சாம்பாரை ஊத்தும்!"

பந்தியின் மறுகோடியிலிருந்து குரல் வந்தது. "மயில்மகால் முதலாளி, இஞ்சாலையும் சாம்பார் வேணுமாம்!"

"வாறன்," என்றார் வாளிக்காரர்.

ஞானேந்திரன் இலைக்குள் குனிந்தான்.

சரவணமுத்து வாளிக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "தம்பி சொன்னது மெய்யோ?"

"ஓம் ஐயா. பாருங்கோ, இப்பவும் நிண்டுகொண்டுதானே இருக்கிறன்," என்றவர், மாப்பிள்ளைக்கு இன்னோர் அகப்பை ஊற்றினார்.