எட்டாவது தலை

"குதி! வாளை வீசு! அய்யோ, மறுபடியும் செத்துட்டியா?" மனைவியின் கையிலிருந்த வீடியோ கேமைப் பார்த்துக் கணவன் எரிந்து விழுந்தான். படுக்கையில் கிடக்கும் அவனுக்குக் கைகள் அசைந்து ஆறு மாதமாகிறது. அவன் சொல்லச் சொல்ல, அவள்தான் விளையாடுவாள்.

"ஜப்பான்காரன் பாம்புக்கு எட்டுத் தலை வச்சா நான் என்னங்க பண்றது?"

"முதல் பாகத்துல ஒன்பது வால் நரியையே நான் ஒரே நாள்ல முடிச்சேன். நீ ஒரு மாசமா ஏழாவது தலையைத் தாண்டலை."

மதியம் அவன் கண்ணயர்ந்ததும் சமையலறைக்குப் போய் விளையாடினாள். மூன்றே நிமிடத்தில் எட்டுத் தலைகளும் உருண்டன. வழக்கம்போல் சேமிக்காமல் அணைத்தாள்.

போன மாதம் அவன் டாக்டரிடம் சொன்னதை அவளும் கேட்டிருந்தாள்.

"இந்த ரெண்டாம் பாகத்தை மட்டும் முடிச்சுடறேன் டாக்டர். அப்புறம் மருந்தையெல்லாம் நிறுத்திடுங்க."